உள்ளாட்சி டெண்டர் போடுவது எப்படி: எத்தனை சதம் லெஸ் என்று கேட்பதற்கு முன்னால்

உள்ளாட்சி வேலைக்கு முதல்முறை டெண்டர் போட வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை சதம் லெஸ் போடலாம்?" என்பதுதான். மதிப்பீட்டுத் தொகையிலிருந்து எத்தனை சதவீதம் குறைத்து விலை போடலாம் என்று அர்த்தம். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ரேட் சரியாகப் போட்டும் ஒரு தாள் குறைந்ததால் வெளியே போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேலையைப் பிடித்து முடித்துவிட்டு, பில் பணம் கைக்கு வந்த அன்றைக்கு "இவ்வளவுதானா?" என்று உட்கார்ந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் தவறவிட்டது ஒரே இடத்தில்தான், டெண்டர் ஆவணத்தைப் படிக்காமல் மதிப்பீட்டுத் தொகையை மட்டும் பார்த்ததில்.

இங்கே எழுதுவது தமிழ்நாட்டுக்கு. ஊராட்சி, ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று எதுவாக இருந்தாலும், சிமெண்ட் சாலையோ வடிகாலோ அங்கன்வாடிக் கட்டடமோ, அடிப்படை ஒன்றுதான்: 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், அதன் கீழ் 2000இல் வந்த விதிகள். வெள்ளம் புயல் மாதிரி அவசரத்துக்கும் வேறு சிலவற்றுக்கும் விலக்கு உண்டு, மற்றபடி டெண்டர் இல்லாமல் வேலை கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். இதற்கு மேல் ஊராட்சிகளுக்கு 1994 ஊராட்சிகள் சட்டமும் ஒப்பந்தம் பற்றி 2007இல் வந்த தனி விதிகளும் இருக்கின்றன, நகரங்களுக்கு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் இருக்கின்றன. மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் சொன்ன சட்டத்தில் நாலைந்து இடங்கள் தெரிந்தால் போதும், அவை எங்கே கைகொடுக்கும் என்று வரிசையில் சொல்கிறேன்.

டெண்டர் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

ஒப்பந்ததாரர் பதிவு முதலில். பொதுப்பணித்துறையில் எடுத்த பதிவு சில இடங்களில் செல்லும், சில இடங்களில் அந்த உள்ளாட்சியிலோ மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிலோ பதிந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பதிவில் வகுப்புகள் உண்டு, ஒவ்வொரு வகுப்புக்கும் எத்தனை ரூபாய் வரை வேலை எடுக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. புதுப்பிக்கும் தேதியை போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், டெண்டர் கடைசித் தேதியன்று பதிவு காலாவதியாகி இருந்தால் மன்றாடிப் பயனில்லை.

பான், ஜிஎஸ்டி பதிவு, வருமான வரி ரிட்டர்ன், தாசில்தாரிடமோ வங்கியிடமோ வாங்கிய சால்வன்சி சான்று (உங்கள் பண வசதிக்கான சான்று), முன்பு செய்த வேலைகளுக்கான பணி நிறைவுச் சான்று எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். இதில் மெதுவாக வருவது சால்வன்சிதான், அதனால் டெண்டர் வந்தபின் விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். முடித்த ஒவ்வொரு வேலைக்கும் அப்போதே நிறைவுச் சான்று கேட்டு வாங்கிவிடுங்கள். பொறியாளர் மாறிப்போனபிறகு அதே கையெழுத்துக்கு அலைவது தனி வேலை.

அப்புறம் ஆன்லைனில் கையெழுத்துப் போடுவதற்கான டிஜிட்டல் சிக்னேச்சர். மூன்றாம் வகுப்புதான் வேண்டும், இரண்டாம் வகுப்பு 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது. அந்த யுஎஸ்பி டோக்கனும் பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்க வேண்டும். பல பேர் டெண்டர் ஏற்றித் தருகிற கம்ப்யூட்டர் சென்டரிலேயே விட்டு வைக்கிறார்கள். அது உங்கள் கையெழுத்து ஐயா. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை யாராவது கடையில் விட்டுவிட்டு வருவார்களா?

அறிவிப்பைப் படிப்பது

டெண்டர் அறிவிப்பு தமிழ்நாடு டெண்டர்ஸ் இணையதளத்தில் வரும், ஆவணத்தை அங்கேயே கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இறக்கியதும் முதலில் பார்க்க வேண்டியது தேதிகள். முன்னால் சொன்ன 2000 விதிகளில் விதி 20 என்ன சொல்கிறது என்றால், அறிவிப்பு டெண்டர் இதழில் வெளியானதிலிருந்து கடைசித் தேதி வரை, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும். குறைக்க வேண்டுமானால் டெண்டர் அழைக்கிற அதிகாரிக்கு மேலே உள்ளவர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும். ஆறு நாள், ஏழு நாள் என்று குறுகிய கால டெண்டர் வந்தால், அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. யாருக்கோ ஏற்கனவே பேசி முடித்த வேலைக்கு அவசரம் காட்டுவதும் நடக்கும், மார்ச் மாதம் நிதி திரும்பிப் போய்விடும் என்ற உண்மையான அவசரமும் நடக்கும். எது என்பது அந்தக் காரணத்தைப் படித்தால் ஓரளவு பிடிபடும்.

அடுத்து முன்வைப்புத்தொகை, அதாவது இஎம்டி. விதிப்படி சாதாரணமாக வேலை மதிப்பில் ஒரு சதத்துக்கு மேல் போகக் கூடாது. 10 லட்சம் ரூபாய் வேலைக்குப் பத்தாயிரம். எந்த வடிவில் கட்ட வேண்டும், யார் பெயரில், எத்தனை மணிக்குள் என்று ஒரு எழுத்து விடாமல் பாருங்கள். ஆன்லைனில் நெஃப்ட் வழியாகக் கட்டச் சொன்னால் அந்த டெண்டருக்கென்று வருகிற சலானில் உள்ள கணக்கு எண்ணுக்கு, சொன்ன தொகையை, ஒரு ரூபாய் கூடக் குறையாமல் ஒரே தடவையில் அனுப்புங்கள். கடைசி நாளுக்கு முந்தைய நாளே அனுப்பிவிடுவது நல்லது, பணம் வந்ததைப் போர்ட்டல் காட்டுவதற்குச் சில நேரம் தாமதமாகும்.

தகுதி நிபந்தனைகளில்தான் கவனம் வேண்டும். 'கடந்த ஐந்தாண்டில் இத்தனை லட்சம் மதிப்பில் இதேபோன்ற ஒரு வேலை' என்று இருந்தால், இதேபோன்ற என்பதற்கு ஆவணமே விளக்கம் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பேவர் பிளாக் போட்ட அனுபவம் சிமெண்ட் சாலைக்குச் செல்லுமா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. கலவை இயந்திரம், வைப்ரேட்டர், ரோலர் சொந்தமா வாடகையா, வாடகை என்றால் என்ன சான்று என்பதும் இப்படித்தான். சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். போனில் "அதெல்லாம் பரவாயில்ல சார், போடுங்க" என்று சொன்னவர் டெண்டர் திறக்கிற அன்றைக்கு வேறு மேசையில் இருப்பார்.

இன்னொன்று. நீங்களோ உங்கள் கூட்டாளியோ அந்த ஊராட்சியில் உறுப்பினராக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உறுப்பினருக்கு அந்த ஊராட்சியோடு ஒப்பந்தத்தில் பங்கு இருந்தால் பதவியே போகும். மச்சான் பெயரில் எடுத்து நாம் செய்வோம் என்கிற ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான், ஆனால் எதிர்த்தரப்பு ஒரு மனு போட்டால் முதலில் மாட்டுவது மச்சான்.

இடத்தை நேரில் பார்ப்பது

இதைத் தவிர்க்கிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. மதிப்பீட்டில் 200 மீட்டர் சாலை என்று இருக்கும், போய்ப் பார்த்தால் நடுவில் 30 மீட்டருக்கு வடிகால் தண்ணீர் தேங்கி மண் குழைந்து கிடக்கும், அதைத் தோண்டி கிராவல் நிரப்புவதற்கு மதிப்பீட்டில் ஒரு வரி கூட இருக்காது. ஜல்லியும் எம் சாண்டும் எந்தக் குவாரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மதிப்பீட்டில் ஒரு லீட் கணக்கு, அதாவது கொண்டுவருகிற தூரக் கணக்கு, போட்டிருப்பார்கள். உண்மையில் லோடு எங்கிருந்து வரும், தெருவுக்குள் டிப்பர் நுழையுமா, நுழையாவிட்டால் முனையில் கொட்டித் தள்ளுவண்டியில் கொண்டுபோக ஆள் கூலி எவ்வளவு என்பதெல்லாம் தெருவில் நின்றால்தான் தெரியும்.

மதிப்பீடு அரசின் விலை விகித அட்டவணையை வைத்துப் போடுவது. அட்டவணை விலையும் சந்தை விலையும் எப்போதும் ஒன்றாக இருக்காது. 2025 ஏப்ரலில் கனிம நில வரி நடைமுறைக்கு வந்து ஜல்லி, எம் சாண்ட் விலை ஏறியபோது, பழைய விலையில் தயாரான மதிப்பீட்டை நம்பி லெஸ் போட்டவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். சின்ன வேலைகளில் விலை ஏறினால் கூடுதல் தருகிற நிபந்தனை பெரும்பாலும் இருக்காது.

ரேட் போடுவது

இப்போது கேட்கலாம், எத்தனை சதம் லெஸ் என்று. 10 லட்சம் மதிப்பீட்டில் ஒரு வேலை, ஜிஎஸ்டி தனி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 12 சதம் குறைத்து 8,80,000 போடுகிறீர்கள். தமிழ்நாட்டு டெண்டர் ஆவணங்கள் பலவற்றில் ஒரு நிபந்தனை இருக்கும்: மதிப்பீட்டைவிட 5 முதல் 15 சதம் வரை குறைத்தால் மதிப்பீட்டில் 2 சதம் கூடுதல் பிணைத்தொகை, 15 சதத்துக்கு மேல் குறைத்தால் வித்தியாசத்தில் பாதி கூடுதல் பிணைத்தொகை. அப்படியானால் உங்களுக்குக் கூடுதலாக 20,000. இதுவே வெறி பிடித்து 20 சதம் குறைத்திருந்தால் வித்தியாசம் 2 லட்சம், அதில் பாதி ஒரு லட்சம் ரூபாயை வேலை தொடங்கும் முன்பே கட்டி முடக்க வேண்டும், அதுவும் 8 லட்ச ரூபாய் வேலைக்கு. உங்கள் ஆவணத்தில் சதவீதம் வேறாக இருக்கலாம், அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

அப்புறம் பிடித்தங்கள். 8,80,000க்கு பில் போட்டால், தனிநபர் என்றால் வருமான வரி ஒரு சதம் 8,800, நிறுவனம் என்றால் இரண்டு சதம். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பதால் ஜிஎஸ்டி டிடிஎஸ், அதாவது பில்லிலேயே பிடிக்கிற ஜிஎஸ்டி, இரண்டு சதம் 17,600. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி ஒரு சதம் 8,800. வேலையில் குறை வந்தால் என்று பில்லிலிருந்து பிடித்து வைக்கிற நிறுத்திவைப்பு ஐந்து சதம் என்று ஆவணத்தில் இருந்தால் 44,000. மொத்தம் 79,200 போய் கைக்கு வருவது 8,00,800. வருமான வரியும் ஜிஎஸ்டி டிடிஎஸ்ஸும் பிறகு கணக்கில் வரவாகும், நிறுத்திவைப்பு என்றைக்காவது திரும்பும், ஆனால் சிமெண்ட் கடைக்காரர் என்றைக்காவது வரை காத்திருக்க மாட்டார். குவாரி நடைச்சீட்டு இல்லாவிட்டால் சீனியரேஜ் தொகையையும் (கனிமத்துக்கு அரசு வாங்குகிற கட்டணம்) பில்லில் பிடிப்பார்கள், அதனால் ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு வாங்கி கோப்பில் குத்தி வையுங்கள்.

ஜிஎஸ்டியில் பலருக்கு இன்னும் பழைய கணக்கே மனதில் இருக்கிறது. உள்ளாட்சிக்குச் செய்கிற கட்டுமான ஒப்பந்தத்துக்கு முன்பு 12 சதமாக இருந்தது 2022 ஜூலை 18 முதல் 18 சதம் ஆகிவிட்டது. நீங்கள் போடுகிற ரேட் ஜிஎஸ்டி உட்படவா, தனியா என்பதை ஆவணத்தில் பார்க்காமல் ரேட் போடுவது சூதாட்டம்.

ஆக, முதலில் உங்கள் அடக்க விலையைக் கணக்குப் போடுங்கள்: பொருள், கூலி, வாடகை, வட்டி, பிடித்தம், உங்கள் லாபம். அந்தத் தொகை மதிப்பீட்டுக்கு எத்தனை சதம் கீழே நிற்கிறதோ அதுதான் உங்கள் லெஸ். கீழே நிற்கவில்லை என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள், அல்லது எக்ஸஸ், அதாவது மதிப்பீட்டுக்கு மேலே, போட்டுப் பாருங்கள். எதிரி இருபது லெஸ் போடுவான் என்று கேள்விப்பட்டு இருபத்தொன்று போடுவதற்கு எதற்கு இன்ஜினியரிங் படிப்பு.

போர்ட்டலில் ஏற்றுவது

ஆவணத்தை இறக்கியதும் அந்த டெண்டரை உங்கள் கணக்கில் விருப்பப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், திருத்த அறிவிப்பு வந்தால் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் வரும். சேர்த்திருந்தாலும் ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை திருத்தம் ஏதாவது வந்திருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள்.

இரண்டு கவர் முறை என்றால் முதல் கவரில் தகுதி ஆவணங்கள், இரண்டாவதில் விலை மட்டும். முதல் கவரில் போடுகிற எந்தக் கடிதத்திலும் உங்கள் விலை தெரியக் கூடாது. விலைக்கான எக்செல் கோப்பு பூட்டி வரும், நிறமிட்ட கட்டங்களில் மட்டும் நிரப்பலாம். கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், வேறு எக்செல்லில் நகல் எடுத்து ஒட்டாதீர்கள், கோப்பு மாற்றப்பட்டதாகத் தெரிந்தால் டெண்டரே நிராகரிக்கப்படும். சதவீதம் போடுகிற டெண்டரில் எக்ஸஸ், லெஸ் தேர்வு செய்கிற கட்டத்தை இரண்டு தடவை பாருங்கள், அதற்குக் கீழே எழுத்தில் வருகிற மொத்தத் தொகையை வாய்விட்டுப் படியுங்கள்.

எல்லாம் ஏற்றியபின் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தினால்தான் டெண்டர் சமர்ப்பித்ததாகக் கணக்கு. எண், தேதி, நேரத்தோடு ஒப்புகைச்சீட்டு வரும், அதை அச்செடுங்கள். கடைசி நேரத்துக்கு முன் மாற்றி மறுபடி ஏற்றலாம். ஆனால் வாபஸ் வாங்கிவிட்டால் அதே டெண்டருக்குத் திரும்ப வர முடியாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திரையில் ஓடுகிற சர்வர் கடிகாரம்தான் கணக்கு. மூன்று மணிக்கு முடிகிறது என்றால் இரண்டே முக்காலுக்கு உட்காருகிற பழக்கம் ஆகாது.

இந்தக் காலத்தில்தான் அந்தப் போன் வரும். "இது நம்ம ஆளு வேலை, நீங்க அடுத்ததுல பாத்துக்கங்க" என்று பாசமாகவும் வரும், வேறு மாதிரியும் வரும். பேப்பர் டெண்டர் காலத்தில் பெட்டி இருக்கிற வராண்டாவில் ஆள் நிறுத்தித் தடுத்தார்கள். இப்போது வீட்டிலிருந்தே ஏற்றலாம், திறக்கிற வரை உங்கள் விலை மறையாக்கத்தில் பூட்டியிருக்கும், அதனால் நீங்கள் ஏற்றுவதை ஊருக்குச் சொல்லாதவரை யாருக்கும் தெரியாது. ஆளாளுக்குப் பேசிவைத்துக்கொண்டு ரேட் போடுகிற சிண்டிகேட் 2002 போட்டிச் சட்டப்படி குற்றச்சாட்டுக்குரியது, அபராதம் லாபத்தில் மூன்று மடங்கு வரையோ ஆண்டு விற்றுமுதலில் பத்து சதம் வரையோ போகலாம், அதில் 'துணைக்கு' ஒரு டெண்டர் போட்டுக்கொடுத்தவரும் சேர்த்தி. பாதுகாப்புப் பிரச்சினை என்றால் போன் பதிவோடு எழுத்தில் புகார் கொடுங்கள். உள்ளூரில் அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கும் தெரியும்.

திறந்தபிறகு

முதலில் தகுதிக் கவர், அதில் தேறியவர்களின் விலைக் கவர் மட்டும் அடுத்து. மிகக் குறைந்த விலை போட்டவர் எல்-ஒன். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதாக இருந்தால் எல்-ஒன்னோடு மட்டும்தான் பேச வேண்டும், சட்டத்தின் பத்தாவது பிரிவு அப்படி. இரண்டாவது வந்தவரைக் கூப்பிட்டு "அவர் ரேட்டுக்குச் செய்வீர்களா?" என்று கேட்பது அதில் இல்லை. மற்றவர்களை ஏன் நிராகரித்தார்கள் என்ற காரணத்தையும் பதிய வேண்டும். உங்களை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். டெண்டரை ஏற்ற ஆணை கிடைத்த பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம், பதினோராவது பிரிவு. பத்து நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், அதனால் யாரோ பேசி முடித்துத் தருவார்கள் என்று காத்திருக்காமல் மனுவை முதலில் கொடுங்கள். உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 1994 டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து நீதிமன்றங்கள் பார்ப்பது முடிவெடுத்த முறை சரியா என்பதைத்தான், உங்கள் விலை நல்ல விலையா என்பதை அல்ல. கோப்பைப் பார்க்க வேண்டுமா, பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

வேலை கிடைத்தபிறகு

பணி ஆணை கைக்கு வராமல் ஒரு மண்வெட்டி மண் தூக்காதீர்கள். "ஆணை ரெடி ஆகிட்டு இருக்கு, நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லி ஆரம்பித்த வேலைகளுக்குப் பில் போட முடியாமல் கிடக்கிறவர்கள் உண்டு. ஊராட்சி என்றால் யார் கையெழுத்துச் செல்லும் என்றும் பாருங்கள், 2025 ஜனவரியில் பல மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள், ஆணையும் அதற்கேற்ப மாறியது.

பணம் தீர்மானமாவது எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில். 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 90 கன மீட்டர் கான்கிரீட். தரை மட்டம் சரியில்லாமல் சராசரி கனம் 13 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் 78தான், கோர், அதாவது சாலையைத் துளைத்து ஒரு துண்டு, எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், பன்னிரண்டு கன மீட்டருக்குப் பணம் கிடைக்காது, சில நேரம் பெயர்த்தெடுத்துப் போடச் சொல்வார்கள். அதனால் கான்கிரீட் ஊற்றும் முன் அடித்தள மட்டத்தை ஓவர்சியரை வைத்து அளந்து, போட்டோ எடுத்து, அன்றைக்கே பதியச் சொல்லுங்கள். மூடிப்போகிற எந்த வேலைக்கும், அஸ்திவாரம், கம்பி கட்டு, அடிக் கிராவல் எதுவானாலும், இதே முறைதான். எம் புக்கில் கையெழுத்துப் போடும்போது அளவைப் படித்துவிட்டுப் போடுங்கள், குறைவாக இருந்தால் அங்கேயே ஆட்சேபம் எழுதுங்கள்.

கூடுதல் வேலை செய்யச் சொன்னால், கவுன்சிலர் சொன்னார், தலைவர் சொன்னார் என்று செய்யாதீர்கள். பொறியாளரிடமிருந்து எழுத்து, திருத்திய மதிப்பீடு, அதற்கு அனுமதி, மூன்றும் வேண்டும். முடிக்க வேண்டிய தேதிக்குள் முடியாது என்று தெரிந்தால், மழை, மின்கம்பம் மாற்றவில்லை என்று காரணம் எதுவானாலும், தேதி தாண்டும் முன்பே கால நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்குங்கள்.

கடைசியாக, பிணைத்தொகையும் நிறுத்திவைப்பும் தானாக உங்கள் கணக்குக்கு வராது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் குறை வந்தால் நீங்களே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிகிற தேதியை இன்றைக்கே குறித்துக்கொண்டு, முடிந்த வாரம் விண்ணப்பம், பணி நிறைவுச் சான்று நகல், கட்டிய ரசீது நகல் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ரசீது வெப்பக் காகிதத்தில் இருந்தால் இரண்டு வருடத்தில் எழுத்து அழிந்துவிடும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.